நஅயடை

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு போன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். முதலிரண்டு சிறுகதைத் தொகுப்புகளுக்கும் நான்தான் பக்கம் கட்டிக் கொடுத்தேன். மூன்றாவதை அவருடைய ஊரிலேயே ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தார். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் வந்துவிட வேண்டும் என்ற அவசரம்.

"ஏம்மா, நஅயடைன்னா என்ன?"

"தெரியலையே சார். எங்க வருது?"

"என் புத்தகத்துலதாம்மா வருது. 43ஆம் பக்கம். 'அமெரிக்காவிலிருந்து மகன் நஅயடை அனுப்பியிருந்தான்'னு இருக்கு. நான் அப்படி எழுதவே இல்லையே. ஏதாவது வட்டார வழக்கோன்னு அகராதியிலயும் பாத்துட்டேன்."

புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வந்ததைப் பார்த்து ராத்திரி நேரத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இரண்டு பக்கம் தள்ளி 'காலையில் ஒரு ளுஆளு வந்தது' என்று இருந்தது. ஶ்ரீரங்கம் வந்த இடத்திலெல்லாம் முதலெழுத்துக்குப் பதில் வெறும் கட்டம்.

டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் வேலை பார்த்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் உண்மையில் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ்ப் படங்களை வரைந்து வைத்திருப்பார்கள். ஆங்கில 'இ' இருக்கும் இடத்தில் 'ந', 'எம்' இடத்தில் 'அ', 'ஏ' இடத்தில் 'ய', 'ஐ' இடத்தில் ஐகாரக் கொம்பு, 'எல்' இடத்தில் 'ட'. ஆசிரியர் தன் பைலில் ஈமெயில் என்பதை ஆங்கில எழுத்திலேயே எழுதியிருக்கிறார். பத்தி முழுவதையும் பாமினிக்கு மாற்றியதும் அந்த ஐந்து எழுத்தும் வேஷம் மாறி 'நஅயடை' ஆகிவிட்டது. எஸ்எம்எஸ் 'ளுஆளு' ஆனதும் இதே கதைதான். திருப்பிப் பார்த்தாலும் அதே கூத்து. பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் 'தமிழ்' என்ற சொல்லைத் திறந்தால் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். நம் மொழியின் பெயர் அங்கே ஓர் அரைப்புள்ளியில் முடிகிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியர் கொடுத்தது சுத்தமான யூனிகோட் வேர்டு பைல். யூனிகோட் என்றால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே எண் தரும் பொதுமுறை. அதைப் பாமினிக்கு மாற்ற வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? மறுநாள் அச்சகத்தில் வேலை பார்க்கும் பையனிடம் பேசினேன். நல்ல பையன், வேகமானவன். அவன் சொன்ன பதிலை இருபது வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, இன்டிசைன்ல யூனிகோட் வராதுக்கா. போட்டா உடைஞ்சிரும். கொம்பெல்லாம் பின்னாடி போயிரும்."

அவன் கண்ணால் பார்த்தது பொய்யில்லை. பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் புதுப் பைல் திறந்து யூனிகோட் தமிழை ஒட்டினால், பல கம்ப்யூட்டர்களில் உடைந்துதான் வரும். 'பெண்' என்பதில் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கு' இரண்டு துண்டாகும். பார்ப்பவர்கள் உடனே சொல்வது: ஃபான்ட் சரியில்லை. அடுத்த ஒரு மணி நேரம் வேறு வேறு எழுத்துருவாக மாற்றிப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் அப்படியே உடையும். பிறகு யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும் கன்வர்ட்டரைத் தேடுவார்கள்.

எழுத்துரு மேல் ஒரு குற்றமும் இல்லை. கொம்பை முன்னால் கொண்டுவருவது, ககரத்தோடு உகரத்தைச் சேர்த்து ஒரே வடிவமாக்குவது, இதற்கான விதிகள் எழுத்துருவுக்குள் இருக்கின்றன. அந்த விதிகளைப் படிக்கத் தெரிந்த கம்போசரை, அதாவது எழுத்துகளை வரியில் அடுக்கும் பகுதியை, இன்டிசைனில் நாம் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவுதான். பேராகிராஃப் பேனலின் வலது மூலையில் மூன்று கோடு போட்ட சின்னக் குறி இருக்கும். அதை அழுத்தினால் வரும் பட்டியலில் 'அடோபி வேர்ல்டு-ரெடி பேராகிராஃப் கம்போசர்' என்று ஒரு வரி. அதை டிக் செய்தால் கொம்பு தன் இடத்துக்கு ஓடி வந்துவிடும். எந்தப் பைலும் திறக்காத நிலையில் இதைச் செய்துவைத்தால், அடுத்து திறக்கும் புதுப் பைல்களுக்கெல்லாம் அதுவே நிலைக்கும். பத்திகளின் வடிவத்தை மொத்தமாகச் சொல்லிவைக்கும் பாராஸ்டைல் வைத்து வேலை செய்பவர்கள் ஸ்டைலுக்குள் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் அதே பெயரைத் தேட வேண்டும். ஸ்டைலில் விட்டுவிட்டு பத்தியில் மட்டும் மாற்றினால், ஸ்டைலைச் சுத்தமாக மறுபடி போடும்போது பழைய குப்பையே திரும்பும். நான் பட்டிருக்கிறேன்.

இது 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்து தமிழுக்கு இருக்கிறது. ஆனால் அந்த வரி பேனல் மூலைக்குள் மறைந்திருக்கிறது. அடோபியின் படம் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ் போய் டைப் பகுதியில் 'ஷோ இன்டிக் ஆப்ஷன்ஸ்' என்று டிக் போட்டால்தான் இந்திய மொழிகளுக்கான வசதிகளே மெனுவில் தலைகாட்டும். வீட்டுக்குள் சாமான் இருக்கிறது, பரண் மேல் ஏற்றி மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். ஏணி போட்டு ஏறுகிறவனுக்குத்தான் கிடைக்கும்.

தொழிலில் இருப்பவர்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. யூனிகோடில் தமிழ் 1991இல் முதல் பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் நாங்கள் சோறு சாப்பிட்டது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கம் கட்டும் மென்பொருளில். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதற்குக் கடைசி வரை யூனிகோட் தெரியாது. அந்தக் காலத்தில் ஒவ்வோர் எழுத்துரு வியாபாரியும் தனித்தனியாக ஒரு சாவி வைத்திருந்தார். பாமினிக்கு ஒன்று, வானவில்லுக்கு ஒன்று, ஸ்ரீலிபிக்கு ஒன்று. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் அருள்வாக்கு மாதிரி இருக்கும். 1999இல் தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று பொதுத்தரம் வகுத்தார்கள். அதையும் எல்லோரும் ஏற்கவில்லை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தபோது, கூடவே டேஸ்16 என்ற இன்னொன்றையும் சேர்த்தது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் கொடுக்கும் முறை அது. ஏன் கூடவே? கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கத் தெரியாத பக்க வடிவமைப்பு மென்பொருள்களுக்காகத்தான். ஆக அன்றைக்குப் பழைய எழுத்துருவைப் பிடித்துக்கொண்டிருந்தது பிழைப்பு. இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருப்பது பழக்கம். இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் என் வாதம்.

கன்வர்ட் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பார்கள். நஅயடை ஒன்று. பெரும்பாலான கன்வர்ட்டர்கள் ஆங்கிலத்தைத் தொடாமல் விடும், நாம் தேடிப் பிடித்து அதற்கு மட்டும் வேறு எழுத்துரு போட வேண்டும். 300 பக்கத்தில் ஒன்றிரண்டு தப்பாமல் இருக்காது. அடுத்து ஶ்ரீ. யூனிகோடில் ஸ்ரீயை ஸகரம் போட்டும் எழுதலாம், 2005இல் சேர்ந்த ஶகரம் போட்டும் எழுதலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு வேறு. ஶகரம் தெரியாத கன்வர்ட்டர் கட்டம் போட்டுவிட்டுப் போய்விடும். போனில் அடிப்பவர்கள் செய்யும் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'எ' என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக ஏழு என்ற தமிழ் எண்ணை, ௭, போட்டுவிடுவார்கள். 'ஔ'வுக்கு 'ஒ'வும் 'ள'வும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. யூனிகோடில் வைத்திருந்தால் தேடி மாற்றும் வசதியில் ஒரே அடியில் எல்லாவற்றையும் சரிசெய்யலாம். பாமினிக்கு மாற்றிய பிறகு பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணால்தான் தேட வேண்டும்.

ஆசிரியரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அவருடைய வேர்டு பைலை என் லேப்டாப்பில் திறந்ததும் முழுப் பைலும் சிவப்புக் கோடு. "என் தமிழ்ல இவ்வளவு பிழையான்னு மனசே விட்டுப்போச்சும்மா" என்றார். பிழை தமிழில் இல்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற கருவியில் அடித்தால் எழுத்து தமிழாக விழும், ஆனால் விண்டோஸின் மொழி ஆங்கிலமாகவே இருக்கும். வேர்டு அவர் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலமாக நினைத்துத் திருத்தியிருக்கிறது. தமிழாசிரியரின் கதைக்கு இங்கிலீஷ் வாத்தியார் சிவப்பு மை போட்ட மாதிரி. மொத்தத்தையும் தேர்வுசெய்து, ரிவ்யூ மெனுவில் லாங்வேஜ் போய் 'தமிழ்' என்று சொன்னால் தீர்ந்தது.

அதே பைலில் இன்னொன்று. ஆசிரியர் எழுத்தின் அளவை ஸ்டைலில் மாற்றி மாற்றிப் பார்த்தும் தமிழ் மட்டும் அசையவில்லையாம். வேர்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு கணக்கு. ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, ஓர் அளவு. 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பெயரில் தமிழ், இந்தி, அரபு எல்லாவற்றுக்கும் சேர்த்து வேறோர் எழுத்துரு, வேறோர் அளவு. கன்ட்ரோலும் 'டி'யும் அழுத்தினால் வரும் பெட்டியில் இரண்டாவதாக அது இருக்கும். நாம் மேலே உள்ளதையே திருகிக்கொண்டிருப்போம். வேர்டு மாதிரியே இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் இதே ஏற்பாடு, 'சிடிஎல்' என்ற பெயரில். அங்கே ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் சிடிஎல்லுக்குத் தமிழ் என்று ஒருமுறை சொல்லிவைக்க வேண்டும். நாம் 'சிக்கலான எழுத்து' என்ற பட்டியலில் இருக்கிறோம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போகும்.

பக்க எண்ணிக்கை மாறுவது இன்னொரு பஞ்சாயத்து. அவர் கணக்கில் 212 பக்கம், என்னிடம் 198. 14 பக்கத்தை நான் முழுங்கிவிட்டதாகவே முதலில் நினைத்தார். அவர் அடித்தது லதா என்ற எழுத்துருவில். விண்டோஸ் 10 வந்ததிலிருந்து லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை, 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்று ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் போய்க் கேட்டு வாங்க வேண்டும். என்னிடம் அது இல்லை. வேர்டு வாயைத் திறக்காமல் அதன் இடத்தில் நிர்மலா என்ற எழுத்துருவை உட்கார வைத்துவிட்டது. இன்டிசைன் இந்த விஷயத்தில் யோக்கியன். எழுத்துரு இல்லையென்றால் அந்த இடத்தை ரோஸ் நிறத்தில் காட்டிக் கத்தும். அதனால்தான் பைலை அனுப்பும்போது 'பேக்கேஜ்' செய்து எழுத்துருவோடு அனுப்புங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன்.

மெனு தமிழில் இருப்பது பற்றியும் ஒரு வார்த்தை. என் அண்ணன் மகள் ஒருநாள் லிப்ரே ஆபீஸை முழுக்கத் தமிழுக்கு மாற்றிவிட்டுத் திரும்ப வழி தெரியாமல் கூப்பிட்டாள். "அத்தை, டூல்ஸைக் காணோம்." கருவிகள் என்று இருக்கும் பார் என்றேன். "ஆப்ஷன்ஸ்?" அதற்கு அவள் பதிப்பில் என்ன மொழிபெயர்ப்பு இருக்கிறதோ, எனக்கெப்படித் தெரியும்? கருவிகளைத் திற, கடைசி வரியை அழுத்து என்றேன். நடந்தது. எனக்குத் தமிழ் மெனு பிடிக்கும், கிண்டல் செய்பவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் உதவிக் குறிப்பு எல்லாம் ஆங்கிலத்தில், மெனு மட்டும் தமிழில் என்றால் கல்யாண வீட்டு முகவரியை எழுதிக்கொடுத்துவிட்டுத் தெருப் பெயர்ப் பலகையை மாற்றி வைத்த மாதிரிதான். மாற்றுவதற்கு முன்னால் எந்த மெனு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

யூனிகோடுக்கு வந்தால் எல்லாம் தேன் என்றும் சொல்லமாட்டேன். வரி உடைப்பு இன்னும் என் உயிரை எடுக்கிறது. நம் அச்சு மரபில் வரிக்கடைசியில் சொல்லை உடைத்தால் சிறுகோடு போடமாட்டோம். இன்டிசைன் போடுகிறது. ஹைஃபனேஷனை நிறுத்தினால் 'சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற சொற்கள் அடுத்த வரிக்குத் தாவி, மேல்வரியில் பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை. மோசமான வரிகளில் மட்டும் 'டிஸ்கிரிஷனரி லைன் பிரேக்' போட்டுக் கையால் உடைக்கிறேன். கோடு விழாது. ஆனால் பின்னால் மேட்டரில் ஒரு சொல் மாறினால், போட்டதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். இதற்கு நல்ல வழி வைத்திருப்பவர்கள் கமென்ட்டில் சொன்னால் கோடி புண்ணியம்.

அந்தப் பையனுக்கு வீடியோ காலில் கம்போசரைக் காட்டிக் கொடுத்தேன். டிக் செய்த கையோடு, "இவ்வளவுதானாக்கா?" என்றான். பத்து நிமிடத்தில் யூனிகோடிலேயே மறுபடி மேட்டரை ஊற்றினான். கட்டம் கிடையாது, ளுஆளு கிடையாது. ஈமெயிலை ஆசிரியரே 'மின்னஞ்சல்' ஆக்கிவிட்டார்.

இப்போது அவருக்கு ஆசை வந்துவிட்டது. 2006இல் அவர் வேறோர் இடத்தில் போட்ட முதல் கவிதைத் தொகுப்பை மின்னூலாக்க வேண்டுமாம். அது பேஜ்மேக்கர் பைல். எந்த எழுத்துரு என்று அவருக்கு நினைவில்லை. அடித்துக் கொடுத்த டிடிபி கடை இப்போது செல்போன் ரீசார்ஜ் கடையாக இருக்கிறது. எழுத்துரு டைப் 1 என்ற பழைய வகையாக இருந்துவிட்டால் இன்னும் சங்கடம், 2023 ஜனவரியோடு அடோபி அந்த வகையைக் கைகழுவிவிட்டது. புத்தகப் பிரதி ஒன்றே ஒன்று அவரிடம் இருக்கிறது, அதிலும் கரையான் ஏறிய எட்டுப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சிடியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். என் லேப்டாப்பில் சிடி போடும் இடமே கிடையாது. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் யாரிடமாவது வெளியில் மாட்டும் சிடி டிரைவும், பேஜ்மேக்கர் ஓடும் பழைய கம்ப்யூட்டரும் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். ஒரு நாள் போதும், காபி என் செலவு.