வன்னித் தண்ணீருக்கு ஏன் இந்த நீலம்?

எங்கட இளம் ஓவியர்கள் போனுக்கென்று வரையிற சித்திரக்கதைகளில் துயரம் என்றால் ஒரே காட்சிதான்: கடும் நீலம், தலைகீழாக அமிழும் உருவம், மேலே போகும் குமிழிகள். கோட்டில் பிழை சொல்ல ஏலாது. ஆனால் அந்தத் தண்ணீர் வன்னியில் எங்கே இருக்கு?

அந்தக் காட்சி பழகிப்போனதற்குக் காரணம் வெப்டூன் வடிவம்: போனில் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளி வாசிக்கிற நெட்டைச் சித்திரக்கதை. அகலம் 800 பிக்சல். நீளத்தை 1280 பிக்சல் துண்டுகளாக வெட்டி ஏற்றுவோம். பெருவிரல் தள்ளத் தள்ள வாசிக்கிறவரும் சேர்ந்து அமிழ்கிறார். 20:9 போனில் ஒரு திரைக்கு ஏறத்தாழ 1700 பிக்சல் அடங்கும். இரண்டு கட்டங்களுக்கு இடையில் 2500 பிக்சல் வெறும் நிறம் விட்டால் ஒரு கணம் திரையில் ஒன்றுமே இராது. அதுதான் ஆழம். அதைவிட நிறைய நீட்டினால், படம் வரவில்லை என்று மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆழ்கடலுக்கு இது பொருந்தும். முல்லைத்தீவின் நந்திக்கடல் ஆழமில்லாத களப்பு. 2009இல், போரின் கடைசி நாட்களில், சனம் அதுக்குள் இறங்கி நடந்து வந்தது. கால் சேற்றில், மூட்டை தலையில். அங்கே அமிழ்கிற கட்டம் வரைந்தால் பொய். நானென்றால் ஐந்தாறு கட்டங்களிலும் நீர்மட்டக் கோட்டை ஒரே உயரத்தில் வைப்பேன். ஆட்கள் மட்டும் மாறட்டும். தாய்க்கு இடுப்பளவு, பெடியனுக்குக் கழுத்தளவு. பெருவிரல் இறங்கும், தண்ணீர் இறங்காது.

குளத்துக்கு எதிர்மாறான சிக்கல். மாரியில் தண்ணீர் ஏறும். வாசிப்போ கீழ்நோக்கிப் போகும். ஒரே நெட்டைக் கட்டமாக வரைந்தால் குளம் வற்றுவது போலத்தான் தெரியும். துருசடியில் (மதகடியில்) நிற்கிற அளவுகோலை ஒரே கோணத்தில், ஒரே அளவுக் கட்டங்களில் திரும்பத் திரும்ப வரையுங்கோ. ஒவ்வொன்றிலும் தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்துங்கோ. கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் 36 அடியைத் தொடுது என்றால் வயல்காரனுக்குச் சிறுபோகம் கண்ணில் தெரியும், வான்கதவு திறந்தால் கண்டாவளைப் பக்கம் வீட்டுக்குள் வெள்ளம் வரும். ஒரே கோடுதான், வாழ்வும் பயமும் அதிலேயே. 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. (வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு உப்புத் தண்ணீரில் விளக்கெரிகிற மண்ணில் தண்ணீருக்கு அர்த்தம் தேடி வெளியே போவானேன்?)

இனி நிறம். மழை வெள்ளம் வந்து சேர்ந்த குளம் கபிலம். அடியில் வானத்தின் நிறம், மேலே மல்டிப்ளை லேயரில் (கீழுள்ள நிறத்தைக் கருமையாக்கும் படலத்தில்) 40 வீதம் மண்ணிறம் போதும். கரைக்குக் கிட்ட மண்ணிறத்தைக் கூட்டுங்கோ, தூரத்தில் வானம் வெல்லட்டும். மருதமரத்தை வெட்டித் தலைகீழாக ஒட்டினால் நிழல் ஆகாது: தண்ணீரில் தெரிவது கிளையின் அடிப்பக்கம், அதைத் தனியாக வரையத்தான் வேணும். தண்ணீரில் தெரியிற பிம்பத்தில் கரும்பகுதி சற்று வெளிறும், வெளிச்சம் சற்று மங்கும். அலைக்கோடுகளின் இடைவெளி தூரம் போகப் போக நெருங்க வேணும். சம இடைவெளி விட்டால் தகரக் கூரைதான்.

கடைசியாக, ஏற்றும்போது: மென்மையான நிறமாற்றம் ஜேபெக்கில் பட்டை பட்டையாக உடையும். 2 - 3 வீதம் நொய்ஸ் (பொடிப்புள்ளிகள்) சேர்த்த பிறகு சேமியுங்கோ. திரை வெளிச்சத்தைக் குறைத்து, விலை குறைந்த போன் ஒன்றிலும் பாருங்கோ. மண்ணிறம் முதலில் கறுத்துப்போவது அதில்தான்.