கார்ல் லார்சன் வீடாம்!

பழைய ஸ்வீடன் வீடுகள் என்று யார் ஓவியம் பகிர்ந்தாலும், பெரும்பாலும் அது கார்ல் லார்சனுடையதாகத்தான் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் பூசிய சாப்பாட்டு அறை, ஜன்னல் நிறைய பூந்தொட்டிகள், அதற்குத் தண்ணீர் ஊற்றும் சிறுமி. கீழே "இப்படி ஒரு வீட்டில் வாழணும்" என்று வரிசையாக கமெண்ட். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அந்த வீட்டை அப்படி ஆக்கியவர் பெயரை யாருமே சொல்வதில்லை. அதுதான் கடுப்பு.

தலார்னா மாகாணத்தில் சுண்ட்போர்ன் கிராமத்து வீடு அது. 1888-இல் மாமனார் கொடுத்தது. அவர் மகள் கரினும் ஓவியர்தான், ஸ்டாக்ஹோம் அகாடமியில் முறையாகப் படித்தவர். 1883-இல் கல்யாணம். அப்புறம் எட்டுப் பிரசவம். படம் வரைவது அநேகமாக நின்றே போனது. (கார்ல் விடாமல் வரைந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?)

ஆனாலும் கரின் கை சும்மா இருக்கவில்லை. மேஜை நாற்காலியை எப்படிச் செய்வது என்று தானே வரைந்து ஊர்த் தச்சரிடம் கொடுத்தார். திரைச்சீலை, விரிப்பு, மெத்தை உறை, பிள்ளைகள் உடுப்பு எல்லாம் அவர் யோசனை. கருத்த மரச்சாமான்களும் கனத்த திரைகளும்தான் வசதியான வீட்டுக்கு அழகு என்றிருந்த காலத்தில், அறைக்குள் வெயிலை விட்டார்.

1894 கோடையில் விடாத மழை. வெளியே போக முடியாமல் தவித்த கணவரிடம், வீட்டையே வரையேன் என்று சொன்னதும் கரின்தான் என்பார்கள். அந்த நீர்வண்ணப் படங்கள்தான் 1899-இல் புத்தகமாக வந்து கார்லை ஊரறியச் செய்தன.

அதில் ஒரு படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சேட்டை செய்த மகன் பொந்துஸ், தண்டனையாக மூலை நாற்காலியில் உம்மென்று உட்கார்ந்திருக்கிறான். அறை பளிச்சென்று இருக்கிறது, அவன் முகம் மட்டும் இருட்டு. ஸ்டாக்ஹோமில் வறுமையிலும், அம்மா துணி வெளுத்துக் கொண்டுவந்த காசிலும் வளர்ந்த கார்லுக்கு அந்த முகத்தை வரையத் தெரிந்திருக்கிறது. வெறும் இனிப்புப் படங்கள் என்று அவரை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் அந்தப் பையன் உட்கார்ந்திருக்கும் அறை?

கரின் 1928-இல் இறந்தார். 1997-இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் வைத்த கண்காட்சியின் தலைப்பில்தான் 'கார்ல், கரின் லார்சன்' என்று இரண்டு பேரும் சேர்ந்து இருந்தார்கள். கமெண்ட் பகுதிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.