மெகாபிக்சல் மட்டும் போதுமா?
டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்குவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். படத்தில் எத்தனை புள்ளிகள் என்று சொல்லும் மெகாபிக்சலைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறது அது. எனக்கு உடன்பாடில்லை. 16 மெகாபிக்சலுக்கும் 18-க்கும் உள்ள வித்தியாசம் பிரிண்டில் கண்ணுக்கே தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! 2010-இல் வந்த நிக்கான் டி7000-இன் வியூஃபைண்டரில், படத்தில் பதிவாகும் காட்சி 100% தெரியும். அதே ஆண்டு வந்த கேனான் 60டி-யில் 96%தான். பார்க்கும்போது இல்லாத மரக்கிளை படத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

அடுத்தது இரண்டு டயல். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவலில் கட்டைவிரல் ஷட்டர் வேகத்தையும் ஆள்காட்டி விரல் அபர்ச்சரையும் (லென்ஸின் திறப்பு) பார்த்துக்கொள்ளும். ஒரே டயல் உள்ள தொடக்கநிலை கேமராவில் பட்டனை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். அதற்குள் பறவை பறந்துவிடும்.

ஃபோகஸ் சற்று முன்னே பின்னே விழுந்தால் நாமே திருத்திக்கொள்ளும் ஆட்டோஃபோகஸ் ஃபைன் டியூன் டி7000-இல் உண்டு, 60டி-யில் கிடையாது. அபர்ச்சரை எஃப்1.4-க்கு அகலத் திறந்து போர்ட்ரெய்ட் எடுத்து, கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் காதில் விழும்போதுதான் அதன் அருமை தெரியும். இதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கட்டுரையில் வீடியோவுக்கு மூன்று பத்தி எதற்கு?