ஆட்டோ கீஸ்டோனை முதலில் அணைக்க விடுங்கய்யா!

ஓடிக்கொண்டிருக்கும் படத்தை மறைத்துவிட்டு, சுவர் முழுக்க வெள்ளைக் கட்டங்களைப் போட்டு, தானாக அளவெடுத்து, கோணலை நேராக்குகிறேன் என்று தானாகவே படத்தின் வடிவத்தை மாற்றுகிற இந்த ஆட்டோ கீஸ்டோன் வேலையை வீட்டுப் புரொஜெக்டருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அதற்கு எதற்கு இந்த அதிகாரம்?

எங்கள் ஹாலில் புரொஜெக்டர் ஒரு ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேலே ஃபேன் சுற்றுகிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், யாரோ தண்ணீர் எடுக்க எழுந்து போகிறார்கள். ஸ்டூல் ஒரு நூல் ஆடினால் போதும், உள்ளே இருக்கும் சென்சார் விழித்துக்கொள்கிறது. படத்தில் அழுத்தமான காட்சி வரும் நேரமாகப் பார்த்துத் திரை வெளுக்கும். கட்டம் வரும். லென்ஸ் கர்ரென்று முன்னும் பின்னும் போகும். வசனம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், முகம் தெரியாது. ஐந்தாறு விநாடி கழித்துப் படம் திரும்பி வரும்போது, முன்னால் இருந்த இடத்தில் இருக்காது. இடது பக்கம் நான்கு விரற்கடை உள்ளே தள்ளியிருக்கும், ஒரு மூலை கொஞ்சம் தூக்கியிருக்கும். முன்பு நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக நகர்த்தி நேராக்கி வைத்தது அத்தனையும் போயிற்று. இதற்குப் பெயர் வசதியாம்!

சரி, அணைத்துவிடலாம் என்று மெனுவுக்குள் போனால், ஆட்டோ கீஸ்டோனுக்கு ஆஃப் இருக்கிறது. ஆனால் மறுநாள் ஆன் செய்தால் அது மறுபடி ஆனில் வந்து நிற்கிறது. இன்னொரு பக்கத்தில் 'ஆன் செய்யும்போது சரிசெய்', 'அசைந்தால் சரிசெய்' என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஒன்றை அணைத்தால் மற்றது தானே உயிர் பெறுகிறது.

அடுத்தது, தடையைக் கண்டால் விலகிப் போகும் வசதி. சுவரில் படம் விழும் இடத்தின் ஓரத்தில் ஸ்விட்ச் பாக்ஸ் இருக்கிறது, எந்த வீட்டுச் சுவரிலும் இருப்பதுதான். அந்தப் பக்கம் தினசரி காலண்டர் தொங்குகிறது. இந்த மெஷின் இரண்டையும் பார்த்துவிட்டு, நடுவில் அகப்பட்ட இடத்துக்குள் படத்தைச் சுருக்கி வைத்துவிடும். நூறு இன்ச் படம் அறுபது சொச்சம் ஆகிவிடும். "ஏம்ப்பா, படம் இவ்வளவு சின்னதா போச்சு? நம்ம டிவியே இதைவிடப் பெருசா இருந்துச்சே" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்விட்ச் பாக்ஸ் மேல் படத்தின் ஓரம் லேசாக விழுந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எது எனக்கு இடைஞ்சல், எது இல்லை என்று முடிவு செய்ய நான் இருக்கிறேன்.

இப்போது இந்தக் கீஸ்டோன் உண்மையில் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். கடைக்காரர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. புரொஜெக்டரை அண்ணாந்து பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தால் படத்தின் மேல்பக்கம் அகன்றும் கீழ்ப்பக்கம் குறுகியும் விழும். சுவரின் மேல்பகுதி லென்ஸிலிருந்து தூரம் அதிகம், அதனால் அப்படி. இதை நேராக்க டிஜிட்டல் கீஸ்டோன் லென்ஸைத் தொடுவதே இல்லை. உள்ளே படத்தை உருவாக்கும் சின்ன எல்சிடி பேனலில் படத்தை எதிர்மாறாகக் கோணலாக்கி, மேல் வரிகளை இறுக்கி வரைகிறது, அவ்வளவுதான். எங்கள் மெஷினின் பேனலில் வரிக்கு 1280 பிக்சல். மேல் வரியை 1000 பிக்சலுக்குள் அடக்கினால் மீதி 280 பிக்சல் சும்மா நிற்கிறது. அதுவும் முழுசாக இருட்டாக நிற்காது. எல்சிடி பேனல் வெளிச்சத்தை முழுமையாக அடைக்காது, அதனால் படத்தைச் சுற்றி ஒரு சாம்பல் நிறக் கோணல் சட்டம் சுவரில் விழுந்துகொண்டே இருக்கும். விளக்கை அணைத்து இருட்டாக்கினால் அந்தச் சட்டம்தான் முதலில் கண்ணில் படும்.

அதோடு போகிறதா? படம் முழுவதையும் புதிதாகக் கணக்குப் போட்டு வரைவதால் எழுத்துகளின் விளிம்பு மழுங்குகிறது. கிரிக்கெட்டில் ஸ்கோர் ஓடும் பட்டையைப் பாருங்கள், 6 எது, 8 எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. லேசாகச் சாய்ந்த கோடுகள் படிக்கட்டாகின்றன. ஃபோகஸையும் கீஸ்டோன் சரிசெய்யாது. வடிவம்தான் நேராகிறது, தூரம் அப்படியேதான் இருக்கிறது. கீழே கூர்மையாக வைத்தால் மேலே மங்கும், மேலே கூர்மையாக்கினால் கீழே மங்கும். இதற்கு எந்த ஆட்டோ ஃபோகஸும் மருந்து இல்லை.

மருந்து ஒன்று உண்டு. லென்ஸ் ஷிஃப்ட். லென்ஸையே மேலும் கீழும் நகர்த்தினால் படம் சுவரில் நகரும். ஒரு பிக்சல் கூட வீணாகாது, வடிவமும் கெடாது. மெஷினைச் சாய்க்க வேண்டிய தேவையே இருக்காது. ஆனால் அதற்கு நல்ல லென்ஸ் வேண்டும், காசு செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு, சாஃப்ட்வேரில் படத்தை நசுக்கும் வேலைக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர் வைத்து நம் தலையில் கட்டுகிறார்கள். என் கோபமெல்லாம் இதில்தான். குறையை மூட வைத்த ஒட்டுப்போடலை, அதுதான் பெரிய சிறப்பு என்று பெட்டியில் அச்சடிக்கிறார்கள்.

சீலிங்கில் மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலண்டருக்கு ஒரு ஆணி அடிப்பதற்கே ஓனரிடம் கேட்க வேண்டும். சீலிங்கில் ட்ரில் போட்டால் அட்வான்ஸில் கழித்துக்கொள்வார். ஸ்டூல், டீப்பாய், புத்தக அலமாரியின் மேல்தட்டு, இவைதான் எங்களுக்கு வாய்த்த இடங்கள். பெருநகரத்தில் ஏராளமான ஜனம் இப்படித்தான் குடியிருக்கிறது. அவர்களுக்கென்றே செய்த சின்ன மெஷினில், ஸ்டூலில் வைத்தால் படம் நேராக விழும்படி லென்ஸை அமைக்க முடியாதா? மெஷினின் அடியில் முன்னங்கால் ஒன்றைத் திருகி உயர்த்தும் அமைப்பு வைக்கத் தோன்றியவர்களுக்கு, அப்படி உயர்த்தினால் படம் கோணலாகும் என்பதும் தெரிந்துதானே இருக்கும்.

வெளிச்சக் கணக்கு இதைவிடக் கேவலம். பெட்டியில் 9000 லூமென்ஸ். உள்ளே இருந்த கையேட்டில் பொடி எழுத்தில் 200 ஆன்சி லூமென்ஸ். ஆன்சி கணக்கு என்றால் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்து, அதைப் படத்தின் பரப்பால் பெருக்கிச் சொல்வது. வெறும் லூமென்ஸ் என்று போட்டால் அது உள்ளே இருக்கும் எல்இடி பல்பின் வெளிச்சமாக இருக்கலாம், எங்கேயும் அளக்காத வாய்க்கு வந்த எண்ணாகவும் இருக்கலாம். லென்ஸைத் தாண்டி நம் சுவருக்கு வருவது எவ்வளவு என்பதுதானே முக்கியம்?

அந்த 200-ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு இன்ச் படம் என்றால் அகலம் 221 செமீ, உயரம் சுமார் 125 செமீ, பரப்பு 2.76 சதுர மீட்டர். 200 லூமென்ஸை அதில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 72, அதாவது 72 லக்ஸ். டியூப் லைட் போட்ட ஹாலில் சுவர் மேல் ஏற்கெனவே அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும். புரொஜெக்டரால் கறுப்பை அனுப்ப முடியாது. கறுப்பு என்பது வெளிச்சம் விழாத சுவர்தான். விளக்கெரியும்போது சுவர் என்ன நிறமோ அதுதான் படத்தில் கறுப்பு. ஹீரோவின் கறுப்புச் சட்டை சந்தன நிறப் பெயின்டாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். 'பகலிலும் பார்க்கலாம்' என்று எழுதியவர் ஜன்னல் இல்லாத அறையில்தான் பார்த்திருக்க வேண்டும்.

அதே மெஷினில் எச்டிஆர் சப்போர்ட் என்றும் போட்டிருக்கிறார்கள். பளிச்சென்ற இடத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் முறை அது. சுவர் வெள்ளையாகவே இருந்தாலும், அந்த 72 லக்ஸில் அதிலிருந்து நம் கண்ணுக்கு வருவது ஏறக்குறைய 23 நிட்ஸ் (திரை எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதன் அளவு). தியேட்டர் திரையின் வெள்ளைக்கு வகுத்திருக்கும் அளவு 48 நிட்ஸ். எச்டிஆர் படங்களில் பளிச்சென்ற இடங்களை 1000 நிட்ஸ் வரைக்கும் வைத்துத் தயாரிக்கிறார்கள். 23 எங்கே, 1000 எங்கே? சப்போர்ட் என்றால் அந்த சிக்னல் வந்தால் வாங்கிக்கொள்ளும் என்பது மட்டுமே. வாங்கிக்கொண்டு என்ன செய்கிறது? படத்தை மொத்தமாக இருட்டாக்கிவிடுகிறது. இரவுக் காட்சியில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. எச்டிஆர் இல்லாத சாதாரண எஸ்டிஆரில் கொடுத்தால் எவ்வளவோ தேவலாம். ஆனால் எச்டிஆரை அணைக்க இந்த மெனுவில் வழியே இல்லை. படம் கொடுக்கும் பெட்டியின் செட்டிங்ஸில் போய் அங்கே அணைக்க வேண்டியிருக்கிறது.

4K சப்போர்ட்டும் அதே ரகம். 4K என்றால் 3840-க்கு 2160, ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல். 1280-க்கு 720 பேனலில் இருப்பது 9 லட்சத்துச் சொச்சம். ஒன்பதில் ஒரு பங்கு. அதிலும் கீஸ்டோன் தன் பங்குக்குக் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. உள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கிறது, ஓடிடி எல்லாம் ஓடும் என்றார்கள். படத்தை நகல் எடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற பூட்டில் இதற்குக் கிடைத்திருப்பது கடைசிப் படியான L3 மட்டும்தான். அப்படி இருந்தால் பெரிய ஓடிடிகள் பெரும்பாலும் எச்டி தரத்தில் படம் கொடுப்பதில்லை. சரி, போனிலிருந்து மிரர் பண்ணலாம் என்றால் சத்தம் வருகிறது, படம் கறுப்பு. மாதாமாதம் காசு கட்டி உரிமையோடு பார்ப்பவனுக்கு இந்தத் தண்டனை. தனியாக ஒரு ஸ்டிக் வாங்கி எச்டிஎம்ஐயில் செருகித்தான் ஒழுங்காகப் பார்க்க முடிகிறது. அப்படியானால் அந்த ஆண்ட்ராய்டுக்கு எதற்கு விலை கொடுத்தோம்?

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு கொடுமை. நம் நாட்டு டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ். இந்த மாதிரி மெஷின்கள் பல 60 ஹெர்ட்ஸிலேயே பூட்டி வைக்கப்பட்டவை. விநாடிக்கு 50 ஃப்ரேம் என்று வருவதை 60-ஆக்க வேண்டும் என்றால் நடுநடுவே ஒரு ஃப்ரேமை இரண்டு தடவை காட்ட வேண்டும். விளைவு? செட்-டாப் பாக்ஸில் மேட்ச் போட்டால் பந்து பவுண்டரிக்கு வழுக்கிக்கொண்டு போகாமல் தத்தித் தத்திப் போகிறது. கேமரா மைதானத்தைச் சுற்றி வரும்போது கண் வலிக்கிறது. இந்தியாவில் விற்கும் பொருளில் இந்திய ஒளிபரப்பு ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பது அதிகப்படியான ஆசையா?

படத்தின் அகல உயர விகிதத்திலும் இதே அலட்சியம். கடையிலிருந்து வரும்போதே 'ஃபுல்' என்பதில் வைத்து அனுப்புகிறார்கள். 4:3-ல் வரும் பழைய படத்தைப் போட்டால் எல்லோரும் பூரித்துப் போய் நிற்கிறார்கள். அப்பா அந்தக் காலத்துக் கதாநாயகியைப் பார்த்து, "இந்தம்மா இவ்வளவு குண்டா இருக்க மாட்டாங்களே" என்றார். மாற்றி வைத்தால் முதல் எச்டிஎம்ஐக்கு மட்டும் மாறுகிறது; இரண்டாவது எச்டிஎம்ஐக்கும் யுஎஸ்பிக்கும் தனித்தனியாக மறுபடி மாற்ற வேண்டும். கலர் மோடும் அப்படியே. 'டைனமிக்'கில் வந்து இறங்குகிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக நிறத்தைப் பலி கொடுக்கும் மோடு அது, முகமெல்லாம் பச்சையும் நீலமும் ஏறித் தெரியும். 'சினிமா'வுக்கு மாற்றினால் முகம் முகமாக வருகிறது, வெளிச்சம் இறங்கிவிடுகிறது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் திருத்தலாம் என்றால், மெனுப் பெட்டி படத்தின் நட்டநடுவில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எதைப் பார்த்துத் திருத்துவது?

புகார் கொடுத்தேன். டெக்னீஷியன் வந்தார். நல்ல பையன், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆன் செய்தார், சுவரைப் பார்த்தார். "படம் வருதே சார், போர்டு ஓகே" என்றார். கோணல் சட்டத்தைக் காட்டினேன். "அது எல்லா பீஸ்லயும் அப்படித்தான் சார்." ஆட்டோ கீஸ்டோன் தானாக ஆன் ஆவதைக் காட்டினேன். "அது ஃபீச்சர் சார்" என்று சொல்லி, குறை இல்லை என்று டேப்லெட்டில் டிக் அடித்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். திருப்பிக் கொடுக்கவும் முடியாது, வேறு மாடலாக மாற்றவும் முடியாது. பழுது என்றால் அதே மாடலில் வேறொன்று தருவார்களாம்.

லென்ஸ் ஷிஃப்ட் கேட்கவில்லை, இந்த விலைக்கு அது வராது என்று தெரியும். கேட்பது இவ்வளவுதான்: ஆட்டோ கீஸ்டோனையும் தடை விலக்கத்தையும் ஒரு தடவை அணைத்தால் அணைந்தபடி இருக்க வேண்டும். நான் நேராக்கி வைத்த நான்கு மூலைகளும் கரன்ட் போய் வந்தாலும் மாறக் கூடாது. எச்டிஆருக்கு ஒரு ஆஃப் வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தில் ஆன்சி லூமென்ஸும் பேனலின் உண்மையான பிக்சல் கணக்கும் அந்த 4K எழுத்தின் அளவிலேயே இருக்க வேண்டும். முதல் மூன்றுக்கும் புது லென்ஸ் வேண்டாம், புது சிப் வேண்டாம், ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் போதும். போன அப்டேட்டில் ஹோம் ஸ்கிரீனில் விளம்பரப் பட்டை ஒன்றைக் கொண்டுவந்து செருகத் தெரிந்தவர்களுக்கு, ஒரு ஆஃப் பட்டனைச் செருக என்ன கேடு?