ஆறு லட்சம் கட்டினால் ஓட்டுநர் வேண்டாமா?

காரைக்குடி வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "டெஸ்லா இந்தியாவுக்கு வந்துவிட்டது. கூடுதலாக 6 லட்சம் கட்டினால் போதும். சென்னையில் ஏறித் தூங்கினால் கானாடுகாத்தான் வீட்டு வாசலில் கார் எழுப்பிவிடும்."

இதில் பாதி உண்மை. அமெரிக்க மின்கார் நிறுவனமான டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தது. 'முழுத் தானியங்கி ஓட்டம்' என்ற வசதிக்கு 6 லட்சம் ரூபாய் விலையும் குறித்தது. தூங்கலாம் என்பதுதான் பொய். ஓட்டுநர் விழிப்போடு கண்காணிக்க வேண்டும், இவ்வசதிகள் காரைத் தானாக ஓடும் வண்டியாக்கிவிடாது என்று அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. பெயரைப் பார்த்தவர்கள் அந்த வரியைப் படிக்கவில்லை போலும்.

கட்டும் பணம் பெரும்பாலும் வரப்போகும் மென்பொருளுக்கான முன்பணம். எருமை வாங்குமுன் நெய் விலை பேசுகிற கதைதான். அமெரிக்காவில் 2016இலேயே இதை விற்கத் தொடங்கிவிட்டார்கள். 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க்வரை கை படாமல் கார் போகும் என்றார் டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க். அந்த ஆண்டு அப்படி எதுவும் நடக்கவில்லை. 2022இல் 15,000 டாலராக இருந்த விலை 2024இல் 8,000 ஆனது. அந்த உச்ச விலையில் முந்திக்கொண்டவர்கள்தான் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதே ஆண்டு பெயரோடு 'மேற்பார்வையுடன்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது.

புது வண்டியைப் பூசைக்குப் பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோகும்போதும் இருக்கையில் உரிமம் உள்ள ஒருவர் கண்விழித்து உட்கார்ந்திருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் பதில் சொல்லவேண்டியவரும் அவரே.