அந்த விறகை வீட்டிலேயே போட்டுவிட்டு வாங்கய்யா!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமெரிக்காவின் மினசோட்டாவில் இட்டாஸ்கா ஸ்டேட் பார்க் பக்கம் போய்ப் பாருங்கள். மிசிசிப்பி ஆறு சின்ன வாய்க்காலாகப் புறப்படும் இடம். 1891-லேயே பூங்காவாக அறிவித்துக் காத்துவரும் காடு. அங்கே மினியாபோலிஸிலிருந்து நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வரும் வண்டியின் பின்னால், தார்ப்பாய்க்குள் ஒரு கட்டு விறகு! கேட்டால், "கொல்லையில் வெட்டிப் போட்ட ஆஷ் மரம், சும்மாதானே கிடக்கு, அங்கே காசு கொடுத்து வாங்குவானேன்?" என்று நியாயம் வேறு.

சும்மா கிடக்கவில்லை ஐயா. பட்டையை நெம்பி உரித்துப் பாருங்கள். பாம்பு ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து அரித்திருக்கும். அது எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டின் புழு செய்த வேலை. ஆஷ் மரத்தையே கொன்றுவிடும். வண்டாகி வெளியே வரும்போது ஆங்கில 'D' எழுத்து மாதிரி, 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஓட்டை போட்டுவிட்டுப் பறக்கும். தானாகப் பறந்தால் ஆண்டுக்குச் சில மைல்தான் பரவும். அதை ஒரே ராத்திரியில் 200 மைல் தாண்டி இறக்கிவிடுவது நாம்தான். 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடித்த பூச்சி, 2009-ல் செயின்ட் பால் நகரத்துக்கே வந்து சேர்ந்தது. மினசோட்டாவில் ஆஷ் மரங்கள் ஏறக்குறைய நூறு கோடி. வடக்கே சதுப்பு நிலமெல்லாம் கருப்பு ஆஷ்தான். ஓஜிப்வே பழங்குடி மக்கள் கூடை முடைவது அந்த மரத்தை அடித்து உரித்த நாரில்.

"எல்லாத்தையும் எரிச்சிடுவோம்ல?" எரிப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும் நாலு கட்டையைத் தவிர. வண்டு வெளியே வருவதும் ஜூன், ஜூலையில்தான், சரியாக நீங்கள் கூடாரம் அடிக்கும் நேரம். "நல்லா காய்ஞ்ச விறகு" என்பதும் செல்லாது; வெட்டிய மரத்துக்குள் இருந்து இரண்டு வருடம் வரைகூட வண்டு வரும். பார்க் ஆபீஸிலேயே விறகு விற்கிறார்கள். இங்கே அங்கீகாரம் பெற்ற விறகைத்தான் எரிக்கலாம் என்பதே விதி. அதை வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது படகு. ஏரியை விட்டு ஏற்றியதும் அடியில் இருக்கும் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை ஒட்ட வடித்து, பிளக் இல்லாமல்தான் ரோட்டில் ஓட்ட வேண்டும். இது சட்டம். மீன் தொட்டி, தூண்டில் இரை வாளி, எதிலும் ஏரித்தண்ணீர் இருக்கக்கூடாது. ஏரிகளைக் கெடுக்கும் ஜீப்ரா மஸல் சிப்பியின் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, அடுத்த ஏரிக்குத் தொற்ற ஒரு டம்ளர் தண்ணீர் போதும். கொஞ்சம் வளர்ந்து ஒட்டிக்கொண்டால் படகின் அடிப்பக்கம் உப்புத்தாள்போலச் சொரசொரக்கும். கையால் தடவிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? அடுத்த ஏரியில் இறக்குமுன் ஐந்து நாள் காயவிடுங்கள். பொறுமை இல்லையா, 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரை ஒவ்வொரு இடத்திலும் 10 விநாடி பீய்ச்சுங்கள்.

தூண்டிலுக்குப் போக மிஞ்சின மண்புழுவைக் காட்டில் கொட்டும் புண்ணியவான்களை என்ன சொல்ல! மண்புழு உழவனின் நண்பன் என்று படித்ததெல்லாம் நம் வயலுக்குச் சரி. பனிப்பாறை மூடிக் கிடந்த இந்த மண்ணுக்கு மண்புழு சொந்தமே இல்லை. இந்தக் காடு முளைப்பதே உதிர்ந்த இலை மெத்தைமேல். அதைத் தின்று தீர்த்து வெறும் தரையாக்கிவிடும். குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்கிறது, அதில் போடுங்கள்.

தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டைப் பற்றி நினைத்தாலே ரத்தம் கொதிக்கிறது. லூன் என்ற நீர்ப்பறவை இரையை அரைக்க ஏரி அடியிலிருந்து கூழாங்கல் பொறுக்கி விழுங்கும். அதோடு அறுந்து விழுந்த தூண்டில் குண்டும் போகும், ஒன்றே ஒன்று போதும். அரவைப்பையில் கல்லோடு கல்லாகத் தேய்ந்து ஈயம் ரத்தத்தில் ஏறி, சில வாரத்தில் சாகும். டங்ஸ்டன், தகரம், எஃகு என்று எல்லாவற்றிலும் குண்டு கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூட, அவ்வளவுதான்.

இந்த அழகில் பறவை பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள், கயாக்கை நேரே கூட்டுக்கே விட்டுக்கொண்டு. லூனுக்குக் கால் உடம்பின் கடைசியில். தரையில் நடக்கத் தடுமாறும், அதனால் தண்ணீர் விளிம்பில்தான் கூடு, பெரும்பாலும் இரண்டே முட்டை. நீங்கள் நெருங்கினால் கழுத்தைத் தாழ்த்தித் தண்ணீரோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். உடனே "தூங்குது பார்" என்று போனை நீட்டுவார்கள். தூங்கவில்லை, பயந்து பதுங்குகிறது. இன்னும் கிட்டே போனால் தண்ணீரில் இறங்கிவிடும். முட்டை கழுகுக்கும் கடற்காகத்துக்கும் திறந்து கிடக்கும். அப்புறம் நடுங்கும் குரலில் சிரிப்பதுபோலக் கத்தும். அதைத்தான் "லூன் சிரிக்குது" என்று வீடியோ போட்டு லைக் வாங்குகிறார்கள். அது சிரிப்பு இல்லை, அபாயக் குரல். கேட்ட நொடியே துடுப்பைத் திருப்பு, 60 மீட்டராவது தள்ளிப் போ!