எழுத விடுங்கள் அந்தப் பிள்ளையை

ஞாயிற்றுக்கிழமை கோபி மண்டபத்தில், பந்தியில், அண்ணன் மகள் பாப்பாவிடம் சொந்தக்காரர் ஒருவர் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வெல்லாம் எதற்கு என்று பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "அவர் நல்லதுக்குத்தானே சொன்னார்" என்று சொந்தக்காரர்கள் குழுவில் ஆளாளுக்கு எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஐ.ஐ.டி.யில் சேர இரண்டு தேர்வுகள். முதல் தேர்வான ஜே.இ.இ. மெயினில் முதல் இரண்டரை லட்சத்துக்குள் வந்தவர்கள்தான் இரண்டாவதான அட்வான்ஸ்டு எழுத முடியும். பாப்பா வந்துவிட்டாள். அவளிடம் போய், இலைக்கு முன்னால், அந்தச் சொந்தக்காரர் "அதெல்லாம் நமக்கு எதுக்குங் கண்ணு, கிடைக்கவா போகுது?" என்கிறார். ரசத்துக்குக் குழி பறித்து வைத்திருந்த சோற்றைப் பிசையாமல், இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து போனாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கிடைக்காது என்று இவருக்கு யார் சொன்னது?

23 ஐ.ஐ.டி.களுக்கும் சேர்த்துச் சுமார் 18,000 இடங்கள். எழுதுகிறவர்கள் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மேல். கஷ்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் எழுதினால் என்ன நட்டம்? நம் தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங் பிளஸ் டூ மார்க்கை வைத்து நடப்பது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அட்வான்ஸ்டில் சைபரே வாங்கினாலும் அந்தக் கட்ஆஃபில் அரை மார்க் குறையாது. கோயமுத்தூர் சீட்டு எங்கேயும் ஓடிப்போகாது. அங்கிருக்கும் ஜி.சி.டி., பி.எஸ்.ஜி. கல்லூரிகள் மட்டம் என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். அங்கே சேர்ந்தாலும் சந்தோஷம்தான். எழுதிப் பார்த்துவிட்டுச் சேரட்டும் என்கிறேன்.

செலவா? பெண் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கட்டணமே பாதிதான். 2025இல் 1,600 ரூபாய். ஐ.ஐ.டி.யில் சேர்ந்தால், வீட்டு வருமானம் வருடத்துக்கு 1 லட்சத்துக்குக் கீழ் என்றால் டியூஷன் ஃபீஸ் முழுக்கத் தள்ளுபடி. 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. தூரமா? 2015இலிருந்து பாலக்காட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது, வாளையார் தாண்டினால் கஞ்சிக்கோடு. பெண்கள் குறைவாக இருக்கிறார்கள் என்று 2018 முதல் அவர்களுக்கென்றே கூடுதல் இடங்களை உருவாக்கி, 20 சதவீதம் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் கூப்பிடுகிறார்கள், நாம் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறோம்.

மெயினை 2021 முதல் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு இன்னமும் ஆங்கிலமும் இந்தியும் மட்டும்தான். கோபப்பட வேண்டிய அநியாயம் அது. அதைப் பற்றிப் பந்தியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஐ.ஐ.டி.யில் பிள்ளைகள் மன அழுத்தத்தில் உயிரை விடுகிறார்களே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான பயம். சீட்டு கிடைத்த பிறகு உட்கார்ந்து பேசுவோம். இப்போது பேச்சு, எழுதுவதா வேண்டாமா என்பது மட்டும்.

"உன் பிள்ளையா, உனக்கென்ன?" என்றும் கேட்டாயிற்று. சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் கவுன்சலிங்குக்கு நேரிலேயே அண்ணா பல்கலைக்கழகம் போக வேண்டும். திரையில் சென்னை கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் நான் ஆசைப்பட்ட பிரிவில் இடம் காட்டியது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், "கிண்டியே இருக்கேம்மா" என்றார். அப்பா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "பொட்டப்புள்ளைய மெட்ராசுல உட்டுப்போட்டு வந்து என்ன பண்ணப் போற?" என்று பெரியப்பா சொல்லி அனுப்பியிருந்தார். நான் கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றின் பெயரைச் சொன்னேன். நன்றாகத்தான் படித்தேன், நல்ல வேலையில்தான் இருக்கிறேன். ஆனால் அந்தப் பிடி இன்னும் வலிக்கிறது. அப்பாவும் நானும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பெரியப்பாவும் நல்லதுக்குத்தான் சொன்னார்.

பாப்பாவுக்கு எனக்கிருந்த அளவு மார்க் வருமோ, அதைவிடக் கூட வருமோ, யாருக்குத் தெரியும்? பரீட்சையே எழுதாமல் தோற்றவள் என்று இவர்கள் எப்படி முடிவு கட்டலாம்?

அட்வான்ஸ்டு தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் இன்னும் முடியவில்லை. அண்ணா, இதைப் படித்தீர்கள் என்றால், ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் இந்த வருடம் ஏப்ரல் 1 முதல் வாங்கியதாக இருக்க வேண்டும், பழையது செல்லாது. நாளைக்கே இ-சேவை மையத்தில் கொடுத்துவிடுங்கள். கைக்கு வரத் தாமதமானால் உறுதிமொழி வைத்துப் பதிவு செய்யலாம், நானே வந்து செய்து தருகிறேன். முதலில் பாப்பாவிடம் கேளுங்கள். அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்கள்.